செல்லக்கனியின் இரவுக் காய்ச்சல்

செல்லக்கனியைத் தணிப்புச் சிகிச்சைக்கு அனுப்ப முடியாது என்று மறுபடியும் பதில் வந்தபோது, ராக்காயி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து இயக்குநர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டினாள் என்று மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அவள் தட்டியதும் கதவு திறந்ததும் ஒன்றாகவே நடந்தன.

"உட்காரும்மா," என்றார் டாக்டர் தேவசகாயம். அவருக்கு அவள் பழக்கமாகிவிட்டாள்.

"உக்காரல சார். ஒரே கேள்விதான். அந்தக்காவுக்கு ஏன் கிடையாது?"

கூகைமலை எரிந்து இது மூன்றாவது வருடம். மலைமேல் ஏலத்தோட்டக் குடியிருப்புகளில் இருந்தவர்களில் தப்பியவர்களை, பாதி மலையில் மேட்டுக் காலனி என்று ஒன்றைக் கட்டிக் குடியமர்த்தியிருந்தார்கள். சாவியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் போன பிறகுதான் ராக்காயியின் வேலை ஆரம்பித்தது. மலைத்தீ மீள்வாழ்வு மையத்தில் அவள் கேஸ் மேனேஜர். எரிந்துபோன ரேஷன் கார்டுக்கு மாற்று வாங்குவது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்ப்பது, ஒழுகும் கூரைக்கு ஒப்பந்தக்காரரின் சட்டையைப் பிடிப்பது எல்லாம் முதல் இரண்டு வருடத்தோடு ஒருவழியாக முடிந்திருந்தன. மிச்சம் இருந்தது மனசு.

அதற்குத்தான் தணிப்பு. தலையில் ஒரு வளையத்தை மாட்டி, நடந்ததை நினைக்கச் சொல்வார்கள். நினைவு அப்படியே இருக்கும்; அதோடு ஒட்டிக்கொண்ட பதைப்பு மட்டும் மெல்லக் கழன்றுவிடும். கடலோரத்தில் வெள்ளத்தில் பிழைத்தவர்கள் இப்போது மழையில் நனைந்துகொண்டே கடைக்குப் போகிறார்கள். மேட்டுக் காலனியில் மட்டும் ஒருத்தருக்கும் அனுமதி வரவில்லை. அதிலும் செல்லக்கனியின் பெயரை அனுப்பினால், போன வேகத்தில் திரும்பி வந்தது.

"மருத்துவக் காரணம்," என்றார் தேவசகாயம். "உடம்புச் சூட்டையும் நெஞ்சுத்துடிப்பையும் பாக்க நாம கட்டிவிட்ட கைப்பட்டை என்ன சொல்லுதுன்னு நீயே பாத்திருக்க. ராத்திரியானா அந்தம்மாவுக்குக் காய்ச்சல் ஏறுது. தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறாங்க. உடம்பு இன்னும் தயாராகல."

"பகல்ல நான் தொட்டுப் பாத்துட்டேன் சார். உடம்பு பச்சத்தண்ணி மாதிரி இருக்கு."

"மனசுனால வர்ற காய்ச்சல் அப்படித்தான். ராத்திரிதான் வரும்."

"மனசுனாலன்னா மனசுக்குத்தான சார் வைத்தியம் பாக்கணும்? அதத்தான நானும் கேக்குறேன்?"

தேவசகாயம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி அவள் பார்த்ததே இல்லை என்பதால், கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திரையை அவள் பக்கம் திருப்பினார். மூன்று கோடுகள்.

"போன பங்குனி. மேற்குச் சரிவுல தீப்பிடிச்ச அன்னைக்கு. இது செயற்கைக்கோள். இது காமிரா கோபுரம். ரெண்டும் எப்ப முழிச்சுதுன்னு பாரு." விரல் இடப்பக்கம் நகர்ந்தது. "இது செல்லக்கனி கைப்பட்டை."

மற்ற இரண்டும் படுத்துக் கிடந்த நேரத்திலேயே மூன்றாவது கோடு செங்குத்தாக எழுந்து நின்றது.

"காமிராவுக்குப் புகை தெரியிறதுக்கு ரொம்ப முன்னாடியே அவங்க நெஞ்சு படபடக்குது. அன்னைக்கு மட்டுமில்ல, ஒவ்வொரு தடவையும். காலனியில இன்னும் சில பேருக்கும் இப்படித்தான். தீயில தப்பிச்ச உடம்புக்கு அந்த வாசம் தூக்கத்துலயே தெரியுது. எந்த மிஷினும் இவ்வளவு சீக்கிரம் சொல்றதில்ல."

ராக்காயிக்குப் புரிந்தது. புரிந்தது பிடிக்கவில்லை.

"அதனால அவுங்களக் குணமாக்காம வச்சிருக்கீங்க."

"குணமாயிட்டா அடிவாரத்துக்கு அலாரம் இல்ல. கீழ எத்தன ஊர் இருக்கு?"

"அந்தக்கா கிட்டக் கேட்டீங்களா சார்? 'ஊருக்காக நீ நடுங்கிக்கிட்டே இரும்மா'ன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உங்க அப்பா அம்மா எந்த ஊரு?" என்றார் அவர், மெதுவாக.

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதீங்க."

வேப்பங்கரடு. போன பங்குனியில் அபாயச் சங்கு ஊதி, ஊரே எழுந்து கண்மாய்க்கரைக்கு நடந்தது. மூட்டை தூக்கும் அவள் அப்பா வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடியது, சுவரில் மாட்டியிருந்த அவளது பட்டச் சான்றிதழை, கண்ணாடிச் சட்டத்தோடு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவளின் காகிதம். தெருவின் கடைசி வீடுகள் கரியாயின. ஆள் சேதம் இல்லை. சங்கு கொஞ்சம் தாமதித்திருந்தால் அன்று தனக்கு வேறு மாதிரி போன் வந்திருக்கும் என்பது அவளுக்கு எப்போதும் தெரியும். யாருடைய நெஞ்சடிப்பு அந்தச் சங்கை ஊதியது என்பதுதான் இன்று தெரிந்தது.

"நான் சந்தோஷமா இதச் செய்யல," என்றார் தேவசகாயம். "வெளிய சொல்லாத."

"சந்தோஷமாச் செஞ்சாலும் துக்கமாச் செஞ்சாலும் நடுங்குறவங்களுக்கு ஒண்ணுதான் சார்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். குரல் அவள் நினைத்த அளவுக்கு உயரவில்லை.

அவள் எப்போதும் காலையில், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் காலனிக்குப் போவாள். மையத்தின் வழக்கம் அது. அன்று யாருக்கும் சொல்லாமல், பொழுது சாயும் நேரத்தில் ஸ்கூட்டரை மலைப்பாதையில் ஏற்றினாள். நடந்ததைச் செல்லக்கனியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வேலை போனால் போகட்டும். வழியில் ஒரு கடையில் நிறுத்திக் கால் கிலோ காரச்சேவு வாங்கினாள். வண்டியைக் கிளப்பிய பிறகுதான் தன்னை நினைத்தே எரிச்சலாக வந்தது. பெற்றவர்கள் இரண்டு பேர் உயிருக்குக் கால் கிலோ காரச்சேவு.

செல்லக்கனி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் பேச்சுக் குரல் கேட்டுப் போனாள்.

ஆட்டுக் கொட்டத்துக்குள் மங்கல் வெளிச்சம். அதில் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், விட்டு விட்டு மினுங்கிக்கொண்டிருந்தன. நடுவில் செல்லக்கனி குனிந்து, ஒரு வெள்ளாட்டின் கழுத்தில் எதையோ சேலைக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தொடாத வயசு. தீக்குப் பிறகு அதை யாரும் நம்புவதில்லை.

"யக்கா, என்ன இது?"

செல்லக்கனி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஆடு," என்றாள்.

"ஆடு தெரியுது. கழுத்துல?"

"ஏத்தா, ஒரு பொம்பள சொல்லாம கொள்ளாமயா வந்து நிப்பா?"

இதற்குள் வேலிப்பக்கமாக அடுத்த வீட்டு மரியபுஷ்பம் தன் கைப்பட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். ராக்காயியைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "செத்தோம், கேஸ் மேடம் வந்துருக்காக," என்று ஆடுகளிடம் சொன்னாள்.

ராக்காயி கொட்டத்துக்குள் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆடு ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பட்டை. பட்டையின் உள்பக்கம் பெயர் எழுதியிருந்தது. காலனியில் பாதிப் பேர் இங்கே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க பகல்ல கட்டிக்கிறோம்த்தா, பொய்யில்ல," என்றாள் செல்லக்கனி. "ராத்திரிதான் முடியல. கண்ண மூடுனாலும் தெரியுது. செவப்பா, மினுக் மினுக்குன்னு. அணைஞ்சும் அணையாத கங்கு மாதிரி. ஒருநா முழிச்சுப் பாத்துட்டு, குடத்தத் தூக்கி என் கை மேலயே தண்ணிய ஊத்திக்கிட்டேன். பாய் பூரா ஈரம்."

"கழட்டி வச்சிருக்கலாம்ல?"

"வச்சா போன் விடுதா? 'கைப்பட்டை உடலில் இல்லை, கைப்பட்டை உடலில் இல்லை'ன்னு உசுர வாங்குது. துணியப் போட்டு மூடிப் பாத்தேன். வெளிச்சம் அதுலயும் தெரியுது. அதுக்கு வேண்டியது சூடா, உசுரோட ஒரு ஒடம்பு, அம்புட்டுத்தான். இந்தா நிக்கிறாளே வெள்ளச்சி, இவ கழுத்துல கட்டுனேன். போன் வாய மூடிருச்சு."

"இவ சொன்னா, நாங்களும் கொண்டாந்தோம்," என்றாள் மரியபுஷ்பம். "எங்க வீட்டு நாய்க்குக் கட்டுனேன் மொதல்ல. அது கடிச்சுத் துப்பிருச்சு. ஆடுதான் மரியாதி தெரிஞ்சது."

ராக்காயிக்கு மெல்ல ஒவ்வொன்றாக விளங்கியது. வெள்ளாட்டின் கழுத்தைத் தொட்டாள். மனித உடம்பாக இருந்தால் மாத்திரை கொடுக்க வேண்டிய சூடு. ஆட்டுக்கு அதுதான் இயல்பு. தாடை நறநறவென்று ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்தது.

"நான் காய்ச்சலுக்குன்னு குடுத்த மாத்திரையெல்லாம் என்னக்கா பண்ணுனீங்க?"

"டப்பாவுல இருக்கு. வேணாம்னா நீ மொகம் வாடிப்போவியேன்னு வாங்கிக்கிட்டேன்."

ராக்காயி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. புழுக்கைகளைப் பார்க்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அவள் குலுங்கியதைப் பார்த்த பெண்கள் இரண்டு பேருக்கும், அது சிரிப்புதானா என்று கொஞ்ச நேரத்தில் சந்தேகம் வந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று கோடுகளை, சங்கை, வேப்பங்கரட்டை, அப்பா தூக்கிக்கொண்டு ஓடிய சட்டத்தை.

"அப்ப எங்க அப்பா அம்மாவக் காப்பாத்துனது இவதானா," என்று வெள்ளச்சியைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

"காரச்சேவ ஆட்டுக்குக் குடுக்காத, வயித்தால போகும்," என்று செல்லக்கனி பொட்டலத்தைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"யக்கா, பட்டையக் கழட்டுனதும் தூக்கம் வந்துச்சா உங்களுக்கு?"

செல்லக்கனி ஒரு சேவைக் கையில் எடுத்தாள். வாயில் போடவில்லை. "வெளக்குதான போச்சு. நெஞ்சுக்குள்ள இருக்கறது போகுமா? இன்னும் என் வீட்டு அடுப்ப நான் பத்த வச்சதில்ல. இந்த மரியபுஷ்பந்தான் வந்து பத்த வச்சுட்டுப் போகுது. ஒருநா நானே தீக்குச்சியக் கிழிச்சேன். அப்படியே நெஞ்சு அடைச்சு விழுந்துட்டேன். பகல்தான், பட்டை என் கையிலதான் இருந்துச்சு. போன் என்ன சொல்லுச்சு தெரியுமா? 'தவறான எச்சரிக்கை'ன்னு சொல்லிட்டு அணைஞ்சிருச்சு."

அவள் அந்தச் சேவைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டாள்.

"இத நான் ஆபீஸ்ல சொன்னாத்தான் உங்க எல்லாருக்கும் தணிப்பு கிடைக்கும்," என்றாள் ராக்காயி. "ஆனா விதிய மீறிட்டாங்கன்னு காலனியவே திட்டத்துலருந்து தூக்கவும் தூக்கலாம். நீங்க வேணாம்னா நான் வாயத் திறக்கல."

"நீ வாயத் திறக்காம இருந்துருவியாக்கும்," என்றாள் மரியபுஷ்பம்.

"சொல்லுத்தா," என்றாள் செல்லக்கனி. "இப்ப மட்டும் என்ன வாழுது? போய்ச் சொல்லு."

மறுநாள் ராக்காயி சொல்லி முடிக்கும்வரை தேவசகாயம் குறுக்கே பேசவில்லை. பிறகு பழைய எச்சரிக்கைகள் அனைத்தையும் திரையில் ஓடவிட்டார். உண்மையான தீயைச் சொன்னவை எல்லாம் இருட்டிய பிறகு, பட்டை ஆட்டுக் கழுத்தில் இருந்தபோது வந்தவை. பகலில் வந்தவை எல்லாம் அடுப்பு, பீடி, சாமிக்குக் கொளுத்திய சூடம். அந்த மனிதர்களின் பயம் ஒரே ஒரு ஊரைக்கூட எழுப்பியிருக்கவில்லை.

"சும்மாவே வச்சிருந்திருக்கேன்," என்றார். "இத்தனை நாளும்."

"ஆமா சார்," என்றாள் அவள். ஆறுதல் சொல்ல அவளுக்கு வரவில்லை. "நெருப்புல பிழைச்சவங்க கையில ராத்திரி பூரா செவப்பு விளக்கு. இத வரைஞ்ச இஞ்சினியர் இருட்டுல இதப் பாத்ததே இல்ல போல; அவரு வீட்டுல ஒருநாள்கூடக் கரண்ட் போயிருக்காது."

தேவசகாயம் தயாரிப்பாளர்களுக்குப் போன் போட்டார். விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டார். அமைப்புகளில் ஒரு பொத்தான் இருக்கிறதே, நீங்கள் யாரும் கேட்கவில்லையே என்றார்கள். ராக்காயி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அங்கே நின்றபடி அவள் முணுமுணுத்ததை அவர் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். மேலதிகாரிகளுக்கான அறிக்கையில், காலனிக்காரர்கள் விதியை மீறினார்கள் என்று எழுதவேண்டிய இடத்தில், கருவியைத் தவறாக வடிவமைத்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரிக்காக, அவர்மேல் இருந்த கோபத்தில் பாதியை ராக்காயி விட்டுக்கொடுத்தாள். மீதியை வைத்துக்கொண்டாள்.

தணிப்பு வண்டி மேட்டுக் காலனிக்கு ஏறியது. செல்லக்கனியின் முறை முடிந்து சில வாரம் கழித்து ராக்காயி போனபோது, கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. செல்லக்கனி தன் கையால் கொதிக்கவைத்த கடுங்காப்பியை அவள் முன் வைத்தாள். சர்க்கரை கூடுதல். ராக்காயி ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டாள்.

அன்று அவள் வந்தது வேறு வேலையாக. மையம் அடிவாரச் சந்தையில் ஒரு மந்தை ஆடு வாங்கி, பட்டை கட்டி, மலையில் விட்டுப் பார்த்திருந்தது. சருகைக் கொளுத்திப் புகை போட்டால் அவை தும்மிவிட்டு மேய்ந்தன. கோடு எழவில்லை. செல்லக்கனி கொட்டத்து ஆடுகளுக்கு மட்டும் எழுந்தது.

"உங்க ஆடு என்ன இனம்னு கேட்டு வரச் சொன்னாருக்கா."

"எல்லாம் ஒரே எனந்தான். இதுக தீயப் பாத்த ஆடு."

செல்லக்கனி அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் நடுங்கவில்லை.

"நாங்க எல்லாரும் ஓடையில எறங்கிட்டோம். எங்க வீட்டுக்காரரு மட்டும் திரும்பிப் போனாரு. இதுநாள் வரைக்கும் உன்கிட்ட அம்புட்டுத்தான் சொல்லிருக்கேன். அதுக்கு மேல சொல்ல வாய் வராது. ஆட்டக் கட்டிப்போட்டுட்டு வந்துட்டமேன்னு போனாரு. அவுத்து விட்டுட்டாரு. இதுக நெருப்புக்குள்ள பூந்து ஓடையில வந்து விழுந்துச்சுக. பின்னாலயே வருவாருன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

ராக்காயி தம்ளரைக் கீழே வைத்தாள். வேப்பங்கரட்டுக் கண்மாய்க்கரையில் நின்ற தன் அப்பாவையும், பார்த்தேயிராத அந்த மனிதனையும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டாள். நன்றி சொல்வதற்குக்கூட ஒரு முகம் தெரியவில்லை. "அவரு பேரு என்னக்கா?"

"சடையாண்டி," என்றாள் செல்லக்கனி. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தப் பெயரை உச்சரித்ததில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது போனதும் வேறொன்று வந்தது. "ஏத்தா, ஒண்ணு கேக்கறேன். நாங்க நடுங்குனாத்தான் ஊருக்கு நல்லதுன்னு சொன்னதுக்கு நீ உங்க ஆபீசரோட மல்லுக்கு நின்ன. இப்ப இதுக நடுங்குறதுக்கு யாரு நிப்பா?"

ராக்காயி கீழே வைத்த தம்ளரைத் தரையில் நகர்த்தினாள். "ஆட்டுக்குத் தணிப்பு கிடையாதுக்கா," என்றாள் கடைசியில். "பட்டையக் கழட்டச் சொன்னாக் கழட்டிடறேன். நெசமாவே."

"கழட்டச் சொல்லல. கீழ உங்க ஆத்தா அப்பன் இருக்காக, புள்ளைகுட்டிக இருக்கு. அன்னைக்கு வெள்ளச்சி நெஞ்சு அடிச்சதுக்கு அடிவாரமே முழிச்சுச்சு. பத்தடி தள்ளிப் படுத்திருந்த எனக்குச் சங்கு ஊதுற வரைக்கும் தெரியாது. அது பாட்டுக்குத் தனியா நின்னு நடுங்கிருக்கு. அதான் எனக்கு ஆறல. எங்கள மாதிரியே." அவள் விறகை உள்ளே தள்ளினாள். "அங்க சங்கு ஊதட்டும். அதே நேரம் என் வீட்டுலயும் ஒரு மணி அடிக்கணும். நான் எந்திரிச்சுப் போகணும். பயந்தா ஓடியார ஆளு இருக்குன்னு அதுகளுக்குத் தெரியணும். இத நீ வாங்கிக் குடு."

"அப்ப ஆடுகளுக்கு நீங்கதான் கேஸ் மேனேஜரு."

"போடி. மாசம் ஒருக்கா வந்து மாத்திர குடுத்துட்டுப் போறதுக்கா?" என்றாள் செல்லக்கனி. கண் மட்டும் சிரித்தது. கொஞ்சம் கழித்து, "நீ வந்தேல்ல, அது போதும்," என்றாள்.

மணிக்கு அனுமதி வாங்க, தேவசகாயத்தின் கதவு இன்னும் இரண்டு முறை தட்டாமல் திறக்கப்பட்டது. ஆள் போய்த் தட்டிக்கொடுத்தால் ஆடுகளுக்கும் பயம் விட்டுப்போய், அலாரம் மழுங்கிவிடுமே என்றார் அவர். மழுங்கினால் அப்போது வேறு வழி பாருங்கள், அதுதானே உங்கள் வேலை என்றாள் அவள்.

அந்த மாசிக் கடைசியில், விளக்கு வைக்கும் நேரத்தில், கிழக்குச் சரிவில் தீப்பிடித்தது. இருவரும் அலுவலகத்தில் இருந்தார்கள். வெள்ளச்சியின் கோடு செங்குத்தாக எழுந்தது. அடிவார ஊர்களில் சங்கும் செல்லக்கனி வீட்டில் மணியும் ஒலித்தன. ராக்காயி அப்பாவுக்குப் போன் போட்டாள். ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறோம், நீ வேலையைப் பார் என்றார் அவர். அணைக்கும் படை மலையேறியது. பிறகுதான் இருவரும் திரையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

புகை இன்னும் இருந்தது. காமிரா இப்போதுதான் அதைப் பார்த்துச் சிவப்பாகக் கூவத் தொடங்கியிருந்தது. அதற்கு மேலே வெள்ளச்சியின் கோடு, ஒருவர் கழுத்தைத் தடவத் தடவ இறங்குவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து வந்தது. பக்கத்துக் கோடுகளும் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. இத்தனை வருடத்தில், தீ அணையும் முன்னால் அந்தத் திரையில் எந்தக் கோடும் இறங்கி அவர்கள் பார்த்ததில்லை.

தேவசகாயம் விசைப்பலகையில் கை வைத்தார். நிகழ்வுக் குறிப்பில் காரணம் கேட்டுக் கட்டம் காத்திருந்தது.

"இத என்னன்னும்மா எழுதுறது?"

ராக்காயி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆள் போயிருக்குன்னு எழுதுங்க சார்."